முழுசா வந்துச்சாம்மா?

கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, போட்ட தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்களே சிலர், அவர் அந்த ரகம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் ஏறினாரென்றால், அது கிளம்புவதற்குள் ஒரு தடவையாவது கீழே இறங்கிப் பின்பக்கம் போய், தான் ஏற்றிய மளிகை மூட்டை ஏற்றின இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். கண்டக்டர் கத்துவார்.

"யோவ், மூட்டைக்குக் காலு மொளச்சி எறங்கிப் போயிடுமா? ஏறுய்யா மேல!"

"பாக்காம எப்பிடி சாமி இருக்கறது?" என்றபடியே ஏறுவார். கோபம் என்பதே வராது அந்த மனிதருக்கு.

மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பி ஒவ்வொரு குழியையும் விரலால் அமுக்கிப் பார்ப்பார். கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அத்தனை உயிரைக் கொண்டுபோன பிறகு இன்னும் மோசம். குடிப்பழக்கமே இல்லாதவர்தான், ஆனாலும் டவுனில் யார் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் அது எதிலிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்குவார். என் கடையில் தண்ணீர் கொடுத்தால்கூட கேனை ஒரு பார்வை பார்ப்பார்.

"நான் உங்களுக்கு வெஷம் வெக்கப் போறேனாண்ணா?"

"ஐயோ, அப்பிடி இல்லம்மா. பழக்கம்."

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவது, ரிசல்ட் எடுப்பது, சர்டிபிகேட்டுக்குப் பதிவது, ஜெராக்ஸ், லேமினேஷன், எல்லாம் நான் ஒருத்திதான். எனக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. அது ஊருக்கே தெரியும்.

அவர் முதல்முதலாக ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். ஐம்பது வயசிருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் ஒரு வெப்சைட் முகவரியும் ஒரு நம்பரும் இருந்தன.

"இந்தப் பக்கத்த அப்பிடியே எடுத்துத் தருவியாம்மா?"

அடித்தேன், வந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு கம்பெனியின் தளம். அந்த நம்பரைப் போட்டால் ஒரே ஒரு ஆளைப் பற்றின பக்கம் திறந்தது. மேலே ஒரு பெண்ணின் போட்டோ, பெயர், பாஸ்போர்ட் நம்பர், வேலை பார்க்கிற ஊர். பக்கத்திலே ஒரு பச்சைப் புள்ளி, அதற்கு நேராக 'ஆன் டூட்டி' என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை. பட்டென்று பிரிண்ட் கொடுத்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அவர் நகரவில்லை. தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார்.

"இவ மூஞ்சி எங்கம்மா?"

பார்த்தால் போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். கம்ப்யூட்டரில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணைத் தாளில் காணோம். அந்த ஒரு நிமிஷத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன்.

"ஒண்ணுமில்லண்ணா, பயப்படாதீங்க. படம் கொஞ்சம் லேட்டா வரும். பக்கம் முழுசா வர்றதுக்குள்ள நான் அவசரப்பட்டு எடுத்துட்டேன்."

"அப்பிடின்னா முழுசா வந்தப்பறம் எடும்மா. எத்தினி நேரம் ஆனாலும் நிக்கறன்."

அன்றிலிருந்து கடைக்குள் கால் வைத்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "முழுசா வந்துச்சாம்மா?"

போட்டோவில் இருந்தது அவர் மனைவி. அண்ணனுக்குப் பெண்டாட்டி என்பதால் எனக்கு அந்த அம்மா பார்க்காமலேயே அண்ணி ஆகிவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, இரண்டே பேர். வெள்ளிமலை தாண்டி ஜீப்பில் போகிற ஒரு ஊரில் கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி. மழை வந்தால் ஒழுகுகிற வீடு. "ஒழுவாத வூடு ஒண்ணு கட்டிட்டுத்தான் சாவன்" என்று சொல்லிவிட்டு, அரபு நாட்டில் ஒரு பெரிய குடும்பத்தின் வீட்டு வேலைக்குக் கிளம்பிப் போனது அண்ணிதான்.

"ஆம்பள நீங்க போகாம அவங்கள அனுப்பிட்டீங்களே" என்று ஒருநாள் நான் கேட்டேன். சொன்னேனே, எனக்கு வாய் ஜாஸ்தி.

"எனக்கு எதப் பாத்தாலும் பயம்மா. தைரியமெல்லாம் அவளுக்குத்தான்" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

அங்கே போனதும் அண்ணியின் போனை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வெள்ளிக்கிழமை மட்டும் அந்த வீட்டுப் போனிலிருந்து இரண்டு நிமிஷம் பேச விடுவார்கள். அவர் ஊரில் டவர் கிடையாது. காட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அவர் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருப்பார். மற்ற ஆறு நாளைக்கு அந்தப் பக்கம்தான் அவருக்கு ஆதாரம். "பச்சப் புள்ளி இருக்கற வரிக்கும் உன் சம்சாரம் நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்று அனுப்பின ஏஜென்ட் சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, வாராவாரம் திங்கட்கிழமை மூன்று மணி நேரம் பஸ்ஸில் இறங்கி வந்து என் கடையில் நிற்பார்.

தாளாகக் கொடுத்தால் மழையில் நனையும், எலி கடிக்கும். அதனால் பி.டி.எஃப் கோப்பாகவும் எடுத்து என் கம்ப்யூட்டரில் அவருக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு பக்கத்தை பி.டி.எஃப் ஆக்குவது இரண்டு தட்டு தட்டுகிற வேலை என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அவர் வந்த பிறகுதான் அது எத்தனை விதத்தில் கெடும் என்று தெரிந்தது. ஒரு வாரம் பச்சைப் புள்ளி காணாமல் போனது. பின்னணிக் கலரையும் சேர்த்து அச்சடி என்று ஒரு இடத்தில் டிக் போட வேண்டும், நான் போடவில்லை. அவ்வளவுதான் விஷயம், அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. இன்னொரு வாரம், 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று தளம் கேட்கிற பெட்டி குறுக்கே வந்து பாஸ்போர்ட் நம்பரின் பாதியை மறைத்துக்கொண்டது. பக்கத்தின் தலைப்புப் பட்டை ஒவ்வொரு தாளிலும் வந்து ஒரு வரியைத் தின்றது ஒரு வாரம். வேலை பார்க்கிற ஊரின் பெயர் சரியாகப் பாதி எழுத்தில் வெட்டுப்பட்டு, மேல் பாதி முதல் தாளிலும் கீழ் பாதி இரண்டாம் தாளிலும் வந்தது இன்னொரு வாரம்.

"ஊரு பேர அறுத்துட்டியேம்மா" என்றார். திட்டவில்லை. ஆனால் அவர் சொன்ன தினுசில் எனக்கு உடம்பு கூசிவிட்டது.

அதற்குப் பிறகு வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். எழுத்தைப் போட்டோவாக எடுக்காமல் எழுத்தாகவே வைத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. பக்கத்தில் இருக்கிற இணைப்புகள் கோப்பிலும் உயிரோடு இருக்கும், தொட்டால் திறக்கும். ஒவ்வொரு தாளின் அடியிலும் எடுத்த தேதி, கிழமை, நேரம், தளத்தின் முகவரி எல்லாம் தானாக வரும்படி வைத்தேன். ஒரு திங்கட்கிழமை அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இத்தான் முழுசு" என்றார். எனக்குப் பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

பிறகு ஐப்பசி மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் நடந்தும் பைக்கில் தொற்றிக்கொண்டும் நனைந்துபோய் வந்து நின்றார். எனக்குத் தாங்கவில்லை. எதற்கு இந்த அவஸ்தை, தானாகவே எடுத்துக்கொள்கிற மாதிரி செய்துவிடலாமே என்று தோன்றியது. உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன நிரலை எழுதினேன். தினமும் காலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே அந்தத் தளத்துக்குப் போகும். பக்கத்தைத் திறக்கும், அடி வரைக்கும் உருட்டும், போட்டோ வருகிற வரைக்கும் பொறுக்கும், குறுக்கே நிற்கிற பெட்டியை அகற்றும், கலரோடு பி.டி.எஃப் ஆக்கி அவர் ஃபோல்டரில் வைக்கும். வைத்து முடித்ததும் 'ஓகே' என்று ஒரு வரி எழுதும். அவரை உட்கார வைத்து ஓட விட்டுக் காட்டினேன். யாரும் தொடாமலே கோப்பு வந்து விழுந்ததைப் பார்த்து, அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இனிமே நீங்க வாராவாரம் வர வேணாம்ணா. மெஷினே தெனமும் எடுத்து வெச்சிக்கும்."

"மெஷினு பாக்குமாம்மா?"

"எடுக்கும்ணா. உங்களுக்குப் புடிச்ச மாதிரியே, முழுசா எடுக்கும்."

"எடுக்கும், சரி. பாக்குமான்னு கேட்டன்."

"அட இன்னாண்ணா நீங்க! நான் எதுக்கு இருக்கேன்? நான் பாக்கறேன். ஞாயித்துக்கெழமையானா அந்தப் பாறை மேல ஏறி எனக்கு ஒரு போனு போடுங்க, சொல்றேன். இந்த மழையில நீங்க உருண்டு வுழுந்தா அண்ணிக்கு யாரு பதில் சொல்றது?"

வெகு நேரம் யோசித்தார். கடைசியில் தலையாட்டினார். அவர் வாழ்க்கையிலேயே தன் கண்ணால் பார்ப்பதை இன்னொருத்தரிடம் ஒப்படைத்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். அதுவும் நான் சொன்னேன் என்பதற்காக.

முதல் இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பார்த்தேன். தினமும் ஒரு கோப்பு, அண்ணியின் முகம், பச்சைப் புள்ளி, எல்லாம் சுத்தம். பிறகு ஏதோ ஒரு அரசாங்கப் பரீட்சைக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள் நெருங்கி, சங்கராபுரம் பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் என் கடையில்தான். நிற்க இடமில்லை, சாப்பிட நேரமில்லை. காலையில் வந்தால் ஃபோல்டரில் ஒரு கோப்பு கூடியிருக்கும், 'ஓகே' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கிவிடுவேன். கோப்பைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல்.

"வெள்ளிக்கெழம அவ போனு வரலம்மா. சாயங்காலம் வரிக்கும் பாத்துக்கினு இருந்தன். அங்க பக்கம் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா."

"பச்ச இருக்குதா? பாத்தியாம்மா?"

என்னைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பாத்தேண்ணா, இருக்குது" என்றேன். "அந்த வூட்ல வேல ஜாஸ்தியா இருக்கும். அடுத்த வாரம் பேசுவாங்க."

"நீ பாத்துட்டா சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அண்ணி பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் கேட்டார். பார்த்தேன் என்றேன். மூன்றாவது ஞாயிறும் கேட்டார். பார்த்தேன் என்றேன். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன் என்பது நிஜம். பார்க்கவில்லை என்பதும் நிஜம்.

மறுநாள் திங்கட்கிழமை கடை திறக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. பஸ் இன்னும் ஓடவில்லை. எந்த வழியாக எப்போது கிளம்பி இறங்கி வந்தாரோ தெரியாது.

"தப்பா நெனச்சிக்காதம்மா. ஒன்ன நம்பாம இல்ல. மூணு வெள்ளி அவ பேசல. மனசு கேக்கல. நானே ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடறன்."

அன்று காலை ஆறு மணிக்கு எடுத்த கோப்பைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம். நடுவில் இங்கிலீஷில் ஒரே வரி, நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை என்று. எழுத்து துல்லியம். ஓரங்கள் அளவாக இருந்தன. அடியில் தேதி, கிழமை, நேரம், முகவரி எல்லாம் வரிசையாக. அந்த நிரலிடம் நான் பக்கத்தை அழகாக எடு என்று சொல்லியிருந்தேனே ஒழிய, வந்திருப்பது சரியான பக்கம்தானா என்று பார்க்கச் சொல்லவே இல்லை. வந்ததை எடுத்து வைத்து 'ஓகே' போட்டிருக்கிறது.

அவருக்குத் தெரியாமல் நேற்றைய கோப்பைத் திறந்தேன், அதுவும் வெள்ளை. முந்தாநாள் வெள்ளை. பின்னாலேயே போனேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பத்தொன்பது கோப்புக்கு முன்னால், ஒரு புதன்கிழமையில்தான் அண்ணியின் முகம் கடைசியாக இருந்தது.

"இன்னாம்மா? முழுசா வந்துச்சா?"

"பக்கம் தெறக்கலண்ணா" என்றேன். அடுத்ததாக என் வாயிலிருந்து வந்ததைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. "நேத்து இருந்துச்சு. இன்னிக்குத்தான் இல்ல."

அவர் ஸ்கிரீனையே பார்த்தார். அந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "போயிட்டாளா?" என்றார். என்னைக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார்.

கம்பெனிக்குப் போன் அடித்தேன், அணைத்து வைத்திருந்தது. ஏஜென்ட் நம்பரும் அப்படியே. தளத்தின் முதல் பக்கத்தையே காணோம், மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படி ஒரு கம்பெனி இருந்தது என்பதற்கே உலகத்தில் மிச்சம் இருந்தது எங்கள் ஃபோல்டர்தான். நல்லவேளை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள் திங்கட்கிழமை. அந்தப் புதன்கிழமைக் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு கடையைச் சாத்தினேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெளிநாட்டு விவகாரம் பார்க்கிற ஒரு மேடத்திடம் அனுப்பினார்கள். கோப்பைத் திறந்தார். பாஸ்போர்ட் நம்பர் முழுசாக இருந்தது, அப்படியே நகல் எடுத்து அவர்கள் படிவத்தில் ஒட்டிக்கொண்டார். பக்கத்தின் அடியில் 'எங்கள் அங்குள்ள அலுவலகம்' என்று ஒரு இணைப்பு. அதைத் தொட்டார். கம்பெனியின் தளம் செத்திருந்தாலும் அந்த இணைப்பு போனது மேப்புக்கு. கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு ஊரில், ஒரு தெருவில், ஒரு கட்டிடத்தின் மேல் சிவப்புக் குறி வந்து நின்றது. "இது போதும்மா, இதை வெச்சு எம்பசிக்கு எழுதலாம்" என்றார்.

அடுத்தபடியாக, கோப்பின் அடியில் இருந்த தேதியைப் பேனாவால் தொட்டார். "இது பழசா இருக்கே. பத்தொம்போது நாளாச்சு. இதுக்கப்புறம் எடுக்கலையா?"

அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றார். கேட்டது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

"இல்லீங்க மேடம்" என்றேன்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார், எதையாவது கேட்பார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது, "வெயிலா இருக்குது, முக்காடு போட்டுக்கோம்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அதற்குப் பிறகு எட்டு நாள். அவர் மலைக்குப் போகவில்லை. டவுனில் யாரோ தெரிந்தவர் வீட்டில் படுத்துக்கொண்டு, தினமும் நான் கடை திறக்கும்போது வந்து, சாத்தும்போது போவார். ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். என் போன் அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே அந்த மேடம் கூப்பிட்டு ஆளில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று போனைக் கையால் தொடவே பயந்தேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் மேடம் கூப்பிட்டார். கிடைத்துவிட்டார்கள், உயிரோடு இருக்கிறார்கள் என்றார். மேப்பில் குறி விழுந்த அந்தக் கட்டிடத்தின் மாடியில், பூட்டின ஒரு அறையில், இன்னும் சில பெண்களோடு. போனைக் கொடுத்தேன். அவர் காதில் வைத்து "அப்பிடிங்களா, அப்பிடிங்களா" என்று மட்டும் சொன்னார். வைத்த பிறகு, "கண்ணால பாத்தவங்க யாரும்மா?" என்று கேட்டார்.

தை பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். போட்டோவில் பார்த்ததில் பாதி உடம்புகூட இல்லை அண்ணி. இடது கையில் முழங்கை வரைக்கும் வெந்து ஆறின தழும்பு. எனக்கென்று ஒரு பை நிறைய சாமை அரிசி கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள்.

"நீதான் அந்தப் பக்கத்த எடுத்து வெச்ச பொண்ணாம்மே. அவரு சொல்லிக்கினே இருந்தாரு. நீ இல்லன்னா நான் அங்கியே கெடந்திருப்பன்."

எனக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு எதிரில் போட்டு அண்ணியை உட்காரவைத்தார்.

"அந்த வெள்ளப் பக்கமெல்லாம் வெச்சிருக்கியாம்மா?"

"எதுக்குண்ணா அது?"

"பத்தொம்போது நாளு பாக்காம வுட்டுட்டன். பாத்துடறன். மொதல்லருந்து காட்டு."

முதல் கோப்பைத் திறந்தேன். அண்ணி கண்ணைச் சுருக்கி அடியில் இருந்த கிழமையைப் படித்தார்கள்.

"வியாழக்கெழம. எண்ண கொட்டுன அன்னிக்கு. ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கினு போனாங்க." சோளத்துக்கு மழை வந்ததைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்கள். அவர் அந்த வெள்ளைத் தாளை மேலிருந்து கீழ் வரைக்கும், ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் பார்த்தார். பார்த்து முடித்துத் தலையாட்டினார். அடுத்ததைத் திறந்தேன்.

"வெள்ளி. உங்கிட்டப் பேசணும்னு போனு கேட்டன். கட்டோட இருக்கறவளுக்கு போனு இன்னாத்துக்குன்னுட்டாங்க." அவர் பார்த்தார். தலையாட்டினார்.

"சனி. இனிமே வேலைக்கு ஆவமாட்டன்னு கம்பெனிக்காரங்கிட்ட வுட்டுட்டாங்க. அந்த ரூமுல போட்டு வெளிய பூட்டிக்கினான்."

நாலாவதைத் திறந்தேன். ஞாயிறு என்று இருந்தது. அண்ணி படித்தார்கள். வாயைத் திறந்தார்கள், மூடிக்கொண்டார்கள். முந்தானையை எடுத்து அந்தத் தழும்புக் கையைச் சுற்றினார்கள். அவர் ஒரு தரம் அண்ணியைப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அண்ணி, அன்னிக்கித்தான் அண்ணன் எனக்கு போனு பண்ணாரு. பக்கத்தப் பாத்தியான்னு கேட்டாரு. பாத்தேன், நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொன்னேன். பாக்கல அண்ணி. அடுத்த வாரமும் பாக்கல. பாக்காம வுட்டது அவரு இல்ல. நான்."

அண்ணி திரும்பி அவரைப் பார்த்தார்கள். இரண்டு மாசமாக அவர் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அண்ணி என்னைப் பார்த்தார்கள். அந்த மாதிரி என்னை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. அடிக்கப் போகிறார்களா அழப் போகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

"இந்தாண்ட வந்து ஒக்காரு. நீயும் பாரு" என்றார்கள். "அடுத்ததப் போடு."

இன்னும் பதினைந்து இருந்தது.